டிரைவர் பக்கத்து சீட்

டிப்போவில் அவருக்குக் கடியாரம் என்று பெயர். மார்க்கெட்டில் கிளம்பி, பாலம் ஏறி, ரவுண்டானா சுற்றி, பள்ளிக்கூடத் தெரு வழியாகத் தண்ணீர்த்தொட்டி வரை போகும் பஸ்ஸை ஓட்டினார். பாலத்தடியில் குடியிருந்த பெண்கள் அவர் பஸ் மேலே ஏறும் சத்தத்தைக் கேட்டுத்தான் சோறு வடிப்பார்கள். "கடியாரம் லீவு போட்டா எங்க வீட்ல சோறு குழைஞ்சிடுது" என்று ஒருத்தி சொன்னதை, கண்டக்டர் டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தான். அந்தக் கண்டக்டரின் பெயர் சில்லறை. யார் கேட்டாலும் அவனிடம் அது இருக்காது.

கடியாரத்தின் மனைவி தையல் கடையில் சட்டைக்குக் காலர் வைப்பாள். காலரக்கா என்றுதான் தெருவே கூப்பிட்டது. ஒரே மகள் வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காலையில் ஒன்றாகப் படியிறங்கி, தெருமுனையில் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். திரும்பிப் பார்த்துக்கொள்ளும் வழக்கமெல்லாம் கிடையாது. சாயங்காலம் எப்படியும் பார்க்கத்தானே போகிறோம் என்ற நினைப்பு.

ஊரையே புரட்டிப் போட்ட காய்ச்சல் அவரையும் விடவில்லை. மூச்சுக்குத் தவிக்கத் தவிக்கக் கொண்டுபோனார்கள். கவிழ்த்துப் படுக்கவைத்து, மூக்கையும் வாயையும் மூடிக் குழாய் மாட்டியிருப்பதாக நர்ஸ் ஒருத்தி போனில் சொன்னாள். காலரக்கா ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றதோடு சரி. அவளோடு கேட்டில் நின்ற பலபேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். இவள் புருஷனோடு திரும்பினாள். அதனால் அவளுக்கு யாரிடமும் குறை சொல்ல வாய் வரவில்லை. உயிரோடு வந்த ஆளைப் பற்றி என்ன குறை சொல்வது?

ஆனால் வந்தவர் பழைய ஆளாக வரவில்லை. இடுப்பில் நிற்காத கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டினார். தலை வாரினால் சீப்போடு முடி கொத்தாக வந்தது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடே புகைந்தபோது, பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, கருகுற நாத்தம் கூடவா தெரியல?"

"நாத்தமா?" என்று காற்றை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே."

மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுவார். யாராவது கேட்டால் "ஷூ லேசு அவுந்துடுச்சு" என்பார். காலில் ரப்பர் செருப்பு கிடக்கும். கேட்டவர்களும் செருப்பைப் பார்த்துவிட்டு, "சரி சரி, கட்டிட்டு வாங்க" என்று தாண்டிப் போவார்கள்.

அவருடைய அக்கா வந்து பார்த்தாள். வந்ததும் வராததுமாகத் தம்பியின் கன்னத்தைத் தடவி அழுதாள். அழுது முடித்ததும் அதட்ட ஆரம்பித்தாள்.

"எல்லாம் மனசுதான் தம்பி. படுக்கையே கதின்னு கிடந்தா உடம்பு துருப்புடிக்காம என்ன செய்யும்? எந்திரிச்சு நாலு எடம் போ."

"போறேங்கா."

"இவ உன்னைக் குழந்தை மாதிரி வெச்சிருக்கா. அதான் உனக்கு எழுந்திரிக்கவே தோணல."

காலரக்கா அடுப்படியிலிருந்தபடியே, "அண்ணி, அவரு சாப்பிட்டத மறந்துட்டு மறுபடி தட்டத் தூக்கிட்டு வர்றாரு. அதுவும் மனசுதானா?" என்றாள்.

"பசிச்சிருக்கும். போட வேண்டியதுதானே?"



ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நுரையீரல் தெளிஞ்சிடுச்சு. ரத்தம் நல்லா இருக்கு. இதயமும் ஒழுங்காத்தான் துடிக்குது" என்றாள்.

"அப்பப் பேசிக்கிட்டே இருக்கும்போது பாதியில நின்னுடறாரே, ஏன் டாக்டர்? ராத்திரி தூக்கமில்ல, பகல்ல உக்காந்த எடத்துல கண்ணு சொருகுது. எதிர்வீட்டுக்காரர் பேரு வாயில வரமாட்டேங்குது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். அவளுக்கே கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. "இந்த மாதிரி நிறையப் பேர் வர்றாங்கம்மா. தலைக்குள்ள பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இருக்குன்றாங்க. ஏன்னு எங்களுக்கே முழுசாப் புடிபடல. நாளாகும்."

"எத்தனை நாளு?"

"நாளாகும்மா."

வேலையில் சேர அந்தப் படங்களே போதுமாக இருந்தன. எல்லாம் சரியாக இருக்கிறது என்று டிப்போ வைத்தியர் எழுதிக் கொடுத்தார். கடியாரம் சீருடையை இஸ்திரி போடச் சொல்லி, முந்தின நாளே மாட்டிப் பார்த்தார். கழுத்து தொளதொளவென்று நின்றது. காலரக்கா காலரைப் பிரித்து உள்ளே தள்ளித் தைத்துக் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே."

"வீட்ல உக்காந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். கைக்கு வழி தெரியும். தலை எதுக்கு?" என்று சிரித்தார்.

கைக்கு வழி தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச காலம் பஸ் நேரத்துக்குப் பாலம் ஏறியது. அப்புறம் ஒரு மத்தியானம் சில்லறை தையல் கடை வாசலில் வந்து நின்றான். கண்டக்டர் பையைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, ஒரு நிமிஷம் வாங்க."

மிஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"அண்ணனுக்கு என்னமோ சரியில்ல. ரவுண்டானாவ சுத்தினாரு. சரின்னு இருந்தேன். மறுபடி சுத்தினாரு. ஜனங்க சிரிக்குது. இன்னொரு சுத்து வந்ததும் முன்னால ஓடிப் போய், 'அண்ணே, எடது'ன்னேன். என்னைத் திரும்பிப் பாத்தாரு அண்ணி. அந்தப் பார்வைய எப்படிச் சொல்றது? என்னை இன்னைக்குத்தான் முதல்ல பாக்குற மாதிரி இருந்துச்சு."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"சொல்வேனா? எனக்கு டிக்கெட் கிழிக்கக் கத்துக்குடுத்த மனுஷன். ஜனங்ககிட்ட, 'டயர் சோதிக்கிறாரு, சும்மா இருங்க'ன்னு சொல்லிட்டேன்."

மறுநாள் காலரக்கா கடைக்குப் போகவில்லை. தையல் மாஸ்டரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, பஸ்ஸில் ஏறி இன்ஜின் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். கடியாரம் பார்த்தார். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இவருக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து அதுவே அவள் வேலையானது. 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்' என்று அவள் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது. அதற்காக இரண்டு பேரும் ஒரு பாஷை வைத்துக்கொண்டார்கள். இடதுபக்கம் திரும்ப வேண்டுமென்றால் பால் வாங்கணும் என்பாள். வலதுபக்கமென்றால் அரிசி. நிறுத்தம் வருகிறதென்றால் உப்பு.

"ஏங்க, வீட்ல பால் இல்ல."

பஸ் இடப்பக்கம் திரும்பும்.

"உப்பு தீர்ந்துடுச்சு."

பஸ் நிற்கும்.

தினம் வரும் கிழவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "ஏம்மா, அந்த மனுஷன் வண்டி ஓட்டறதா, உன் வீட்டு மளிகையப் பாக்கறதா? வீட்லதான் நிம்மதி இல்லைன்னா இங்கயுமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. கடியாரமும் சிரித்தார். காலரக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அரிசியும் வாங்கணும்" என்றாள்.

தண்ணீர்த்தொட்டியில் பஸ் நின்றதும் அவர் பின்சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். ஓடாமலே மார்பு ஓடியதுபோல அடித்துக்கொள்ளும். அவள் ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக் கொடுப்பாள். ருசி தெரியாததால் மருந்து மாதிரி விழுங்குவார்.

"ஆபீஸ்ல சொல்லிடலாங்க."

"என்னன்னு சொல்ல? எல்லாம் நல்லா இருக்குன்னு படம் சொல்லுது. நான் மட்டும் இல்லைன்னு சொன்னா, வேலைக் கள்ளன்னுவான்."

"வேற வேலை குடுக்கச் சொல்லலாம்."

"வண்டி கழுவச் சொல்லுவான்."

"கழுவுங்களேன். தண்ணியும் துணியும்தானே? நானும் வந்து கழுவுறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்டியரிங்கப் புடிச்சிருக்கிற நேரம் மட்டுந்தாண்டி நான் இருக்கேன்னு எனக்கே தெரியுது. அதையும் புடுங்காத."

அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்தாள்.

மழை பெய்த காலை அது. கண்ணாடி துடைக்கும் தண்டு ஒருபக்கம் முனகிக்கொண்டே ஆடியது. பள்ளிக்கூடத் தெருவில் குடைகளாக இருந்தது. முன்னால் ரொட்டிக்காரர், கூடையைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டிய சைக்கிளை மதிலோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பஸ் வேகமாகக்கூட வரவில்லை.

"உப்பு" என்றாள் காலரக்கா.

பஸ் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, உப்பு. உப்புங்க!"

அவருடைய முகம் முன்னால் பார்த்தபடிதான் இருந்தது. அவள் குனிந்து காலைப் பார்த்தாள். வலது கால் பிரேக்குக்குப் பக்கத்தில், தரையில் இருந்தது. முழங்கால் விறைத்து, தொடை நடுங்க, வெறும் தரையை முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார்.

"பிரேக்கு!" என்று அவள் அலறியதில் அவர் கை ஸ்டியரிங்கை வெட்டியது. பஸ் மதிலில் உரசி இடித்து நின்றது. சைக்கிளும் ரொட்டிக்காரரின் வலது கையும் இடையில் மாட்டிக்கொண்டன.

மழையில் ரொட்டிகள் மிதந்தன. அந்த மனுஷர் கத்தவில்லை. தன் கையைப் பார்த்து, அது யாருடையதோ என்பதுபோல நின்றார். பிறகு சரிந்தார்.

கூட்டம் சேர்ந்தது. யாரோ டிரைவரை இறங்கச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள். சில்லறை படியில் நின்று, "பிரேக் புடிக்கல! வண்டில பிரேக் புடிக்கல! யாரும் கை வைக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கடியாரம் அவனைப் பார்த்தார். பிறகு தானும், "புடிக்கல. மிதிச்சேன், புடிக்கல" என்றார்.

பிரேக் பார்க்கும் வேலை டிப்போவில் மெக்கானிக்காக இருந்த பிட்டருடையது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். யாரோடும் ஒத்துப்போகாத ஆள், சாயங்காலமானால் குடி. மதிலில் இடித்ததில் பிரேக் குழாய் உடைந்துபோனதால் சோதித்துப் பார்க்க வழியில்லை. அவனை விசாரணை முடியும்வரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். டிப்போவில் ஒருத்தரும் ஐயோ என்று சொல்லவில்லை. "சனியன் ஒழிஞ்சுது" என்று சில்லறையே சொன்னான்.

பிட்டர் வீட்டுக்கு வந்தான். மாடிக்கு ஏறாமல் படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்தினான்.

"கடியாரம்! எறங்கி வாய்யா!"

அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். காலரக்கா இறங்கிப் போனாள். அவன் அன்று குடித்திருக்கவில்லை. அதனாலேயே ஆள் வேறு மாதிரி, சுருங்கித் தெரிந்தான்.

"உன் புருஷன எழுப்பு."

"மருந்து சாப்பிட்டுப் படுத்திருக்காரு. என்கிட்ட சொல்லுங்க."

"நான் குடிகாரன். சண்டக்காரன். என் பொண்டாட்டியே என்கூடப் பேசறதில்ல. எவன் என்ன சொன்னாலும் ஒத்துக்கறேன். ஆனா பிரேக்கப் பாக்காம ஒரு வண்டியக்கூட நான் வெளிய விட்டதில்லம்மா. நீ அந்த வண்டிலதான இருந்தே? சொல்லு. பிரேக் புடிக்கலையா?"

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நின்றது.

"எனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?" என்றாள்.

அவன் காறித் துப்பப்போய், என்னவோ நினைத்து விழுங்கிக்கொண்டு போனான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அவர் எழுந்ததும் கஞ்சி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். நீங்க பிரேக்க மிதிக்கல."

"மிதிச்சேன்."

"இல்லீங்க."

"மிதிச்சேன்டி. இதோ, இந்தத் தொடை இன்னும் வலிக்குது. உயிரக் குடுத்து மிதிச்சேன்."

"தரைய மிதிச்சீங்க. பிரேக்குக்குப் பக்கத்துல. நான் கண்ணால பாத்தேன்."

அவர் தன் காலைப் பார்த்தார். பாதத்தைத் தரையில் வைத்து அழுத்திப் பார்த்தார். எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

"யார்கிட்ட சொல்லப் போற?"

"பிட்டருக்கு வேலை போகுது."

"அவன் பொல்லாதவன்."

"பொல்லாதவன்தான். ஆனா இத அவன் செய்யல."

"நீ என் பக்கத்துலதான உக்காந்திருந்தே?" என்றார். "எனக்காகத்தான உக்காந்திருந்தே?"

"உங்களுக்காகத்தான் உக்காந்திருந்தேன். அந்த ரொட்டிக்காரருக்காக ஒருத்தரும் உக்காரலையே."

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. சில்லறை பிரேக் பிடிக்கவில்லை என்றான். கடியாரத்தைக் கேட்டபோது, "மிதிச்ச மாதிரிதான் இருக்கு" என்றார். பொய் சொல்கிற முகமே இல்லை. வெளியே பெஞ்சில் இருந்த காலரக்கா கூப்பிடாமலே எழுந்து உள்ளே போனாள்.

"நீ யாரும்மா?"

"அவரு சம்சாரம். நான் வண்டில இருந்தேன். அவரு மிதிக்கல. காலு தரையில இருந்துச்சு."

"நீ எதுக்கு வண்டில இருந்தே?"

அதற்குப் பதில் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ரவுண்டானா, பால், அரிசி, உப்பு எல்லாம். உப்பு என்று சொல்லும்போது அறையில் யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள். அவள் புருஷனைப் பார்க்காமல் மேனேஜர் மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையைப் பார்த்தே பேசி முடித்தாள்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நோய்னு வெச்சுக்கிட்டா நான் ஏதாவது பண்ணலாம். ஆனா எல்லாப் படமும் நல்லா இருக்குன்னு எங்க வைத்தியரே எழுதியிருக்காரே. நோய் இல்லைன்னா இது கவனக்குறைவு. இதுல நான் என்னம்மா பண்ண?"

"நோய் இருக்குங்க ஐயா."

"எங்க இருக்கு? காட்டு."

அவள் புருஷனைக் காட்டினாள். கழுத்துக்குப் பெரிதான சட்டைக்குள் அவர் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மேனேஜரும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

பிட்டரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். கடியாரத்தை அனுப்பிவிட்டார்கள். லைசென்சும் போனது. மறைத்த குற்றத்துக்குச் சில்லறையை வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். அவன் தெருவில் எதிரே வந்தபோது, "அண்ணன மாட்டி விட்டீங்க, சரி. என்னை எதுக்கு அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனான். நாத்தனார் போனில், "கட்டினவளே காட்டிக்குடுத்தா அவன் எங்க போவான்?" என்று அழுதாள். பிட்டரும் வந்து நன்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ரொட்டிக்காரரைப் பார்க்க இரண்டு பேரும் போனார்கள். அடுப்பு எரியாத அறையில் மாவுப் பலகை கவிழ்த்து வைத்திருந்தது. கட்டுப் போட்ட கையை மடியில் குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

"விரல் மடங்கலங்க" என்றார். "மாவு பிசையற கை இதுதான்."

கடியாரம் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சு" என்றார் ரொட்டிக்காரர். "கொஞ்ச நாள் படுத்தேன், எந்திரிச்சேன், வேலையப் பாத்தேன். எனக்கு வந்தது ஒண்ணும் பண்ணல. உங்களுக்கு வந்தது என் கைய ஒடிச்சுடுச்சு. இத யார்கிட்டப் போய்ச் சொல்லி அழ, சொல்லுங்க?"

கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு எழுந்தார்கள். திரும்பி வந்தபோது கடியாரம் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தார். ஷூ லேசு என்று சொல்லவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தையல் மாஸ்டர் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு, தைப்பதற்குக் காலர்களை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். தைத்த காலரை வெளிப்புறமாகத் திருப்பி, முனையைக் குச்சியால் நெம்பிக் கூராக்க வேண்டும். அந்த வேலையைக் கடியாரம் செய்தார். கொஞ்சம் செய்வார், கண் சொருகும், எழுந்து மறுபடி செய்வார். சில நாள் நெடுநேரம் கலகலப்பாக இருப்பார். மகள் போன் செய்தால், "நான் இப்பத் தையல்காரன்மா" என்பார். அந்த மாதிரி நாட்களில் காலரக்காவுக்கு, எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்று தோன்றும். மறுநாள் எழுந்து சீருடை எங்கே என்று தேடுவார்.

ஒரு மத்தியானம், கையில் காலரோடு இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு நான் பிரேக்க மிதிச்சேன்ல?"

அவள் மிஷினை நிறுத்தினாள். "இல்லீங்க. தரைய மிதிச்சீங்க."

அவர் முகம், கஞ்சி குடித்த அன்றைக்கு எப்படி ஆனதோ அப்படியே ஆனது. பாதத்தைத் தரையில் அழுத்திப் பார்த்தார். யாருக்கு என்ன ஆனது என்று கேட்டார். ரொட்டிக்காரரின் கையைச் சொன்னாள். போய்ப் பார்க்கணுமே என்று பதறினார். போய்ப் பார்த்துவிட்டு வந்தோம் என்றாள். வாயை மூடிக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் மறுபடி கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அவள் சொன்னது எதுவும் அவருக்குள் நிற்கவில்லை. தொடையை விறைத்து மிதித்தது மட்டும் நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் அந்த முகம் அவள் கண்ணெதிரில் இடிந்து விழுந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "நாளாகும்மா" என்றாள். அவளும் வேறு என்ன சொல்வாள்?

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். அவர் தூங்கி எழுந்து, முகம் கழுவி, தலைகூட வாரியிருந்தார். காலர்க் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நல்ல தெளிவோடு கேட்டார்.

"நான் மிதிச்சேன்தானே?"

மிதிச்சீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிட்டர் வேலையில் இருக்கிறான். மேனேஜர் முடிவெழுதிவிட்டார். இந்த அறையில் வேறு யாரும் இல்லை. இவர் அதை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு நாளாவது நிம்மதியாக இருப்பார். நாளைக்கு எப்படியும் மறந்துவிடுவார்.

அவள் கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். எழுந்து வந்து, அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லீங்க" என்றாள். "மிதிக்கல."